உடைத்தாகிவிட்ட விதானம்

இறந்துபோன அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் ட்ராகா திணறிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசலில் அமைச்சக அதிகாரி வாவ்ரா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கக்கத்தில் ஃபைல்.

"வருத்தமா இருக்கும்மா. சாவிக்கொத்த இன்னிக்கே எடுத்துக்கணும். ரூல்."

"அப்பா போயி ஆறு மணி நேரம்கூட ஆகல."

"தெரியும்."

ப்ராக் நகரின் அந்த மாளிகையில் அவள் அப்பா ஓடகர் காவலாளியாகச் சேர்ந்தபோது அது ஒரு பிரபுவின் வீடு. பிரபு போய் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். அவர்களும் போய் அமைச்சகம் வந்தது. சாவிக்கொத்து மட்டும் ஓடகரின் இடுப்பைவிட்டு இறங்கவேயில்லை. எப்படி எல்லாருக்கும் வேண்டியவராக இருந்தார் என்பது மகளுக்கே உறுத்தல்தான்.

1952இல், மூன்றாம் மாடி நடன மண்டபத்தை ஃபைல் அறையாக்கினார்கள். விதானத்து ஓவியத்தையும் சுதைத் தேவதைகளையும் உடைக்கும் வேலை ஓடகருக்கு. மூன்று நாள் சுத்தியல் சத்தம் கேட்டது. அந்த ஓவியத்தை அண்ணாந்து பார்த்தபடியே மண்டபத்தைப் பெருக்கி வாழ்ந்தவள் ட்ராகாவின் அம்மா. அதை உடைத்த கை என்று, சாகும்வரை ஓடகர் கையால் ஒரு துண்டு ரொட்டிகூட வாங்கித் தின்னவில்லை.

"மண்டபத்துச் சாவி இதுல இல்லையே," என்றார் வாவ்ரா, கொத்தை வாங்கிப் பார்த்து.

"எனக்கென்ன தெரியும்?"

சொல்லும்போதே அவள் கண் அப்பாவின் கோட்டுக்குப் போய்விட்டது. காலையில் அதை மடிக்கும்போது உள்துணியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டிருந்தது. வாவ்ரா அவள் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"பிரபுவோட வெள்ளிச் சாமானெல்லாம் எங்க போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியல."

"பொணத்த வச்சுக்கிட்டுத் திருடன்னு சொல்றீங்களா?"

அவளும் பலமுறை அப்படி நினைத்தவள்தான். தையலைப் பிரித்தாள். சாவி விழுந்தது.

"நானும் வருவேன்."

பக்கத்து வீட்டுக்காரியை உடலருகே உட்காரவைத்துவிட்டு மாடியேறினாள். கடைசி அலமாரிக்குப் பின்னால் ஏணி இருந்தது. தாழ்வான பலகைக் கூரையில் ஒரு பலகை மட்டும் ஆணியில்லாமல் கிடந்தது. வாவ்ரா தள்ளினார். சுண்ணாம்புத் தூள் கொட்டியது. அவர் மேலே ஏற, அவளும் தொற்றி ஏறினாள். டார்ச் எரிந்தது.

நீல வானம். மேகத்தின்மேல் ஒரு பெண்ணின் வெறுங்கால். கன்னம் உப்பிய தேவதைகள். ஒரு மூக்குகூட உடைபடவில்லை. அந்த மூன்று நாளும் கேட்டது பலகைக்கு ஆணியடித்த சத்தம்.

"உடைச்சாச்சுன்னு எழுதிக் குடுத்தாரே!" என்றார் வாவ்ரா.

"யாரும் வந்து பாக்கலையா?"

அவர் டார்ச்சைத் தாழ்த்தினார்.

"நான்தான் வந்தேன். கீழருந்து பலகையப் பாத்துட்டு, சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டேன்."

டார்ச் அணைந்தது. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"இப்ப என்ன எழுதப்போறீங்க?"

"படி பாத்து எறங்குங்க."

மண்டபத்தைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஃபைலில் எதுவும் எழுதவில்லை. அதை நல்லதென்று எடுத்துக்கொள்வதா கெட்டதென்றா என்று அவளுக்குப் புரியவில்லை.

பிற்பகலில் சவப்பெட்டி நடைக்கூடத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. யாரும் கூப்பிடாமலே வாவ்ரா வந்து ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகில் வெள்ளைத் தூள் அப்படியே இருந்தது. தட்டிவிடக் கை நீட்டிய ட்ராகா, பாதியில் இழுத்துக்கொண்டாள்.