மிச்சக் காற்று

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வெள்ளியன்று பாடப்படும் பசாம், ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லிப் புலம்பும் நெடிய பாட்டாகும். உயிர் பிரிவதைச் சொல்லும் அதன் இறுதி அடியைத் தலைமைப் பாடகர் ஒரே மூச்சிற் பாட வேண்டும். மூச்சு அறுந்தால், அடுத்த வருடம் தம் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள பாடகர்களின் வழக்கம். துறைமுகத்துச் சீமெந்துக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராயிருந்து ஓய்வுபெற்ற ஹெக்டர், அவ்விடத்தை நெடுங்காலமாக எவருக்கும் விட்டாரல்லர்.

சென்ற வருடம் மட்டும், அடியின் நடுவே ஒரு மிடறு காற்றைக் களவாக உள்ளிழுத்துக்கொண்டார். அதே கணத்திற் பின்வரிசையில் நின்ற பாடகன் ஒஸ்வால்டின் குரல் உயர்ந்தது. பாட்டு முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஹெக்டர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர அடிக்குள்ள நீ ஏன்டா வாய் வைக்கிறாய்? நான் சாகுமட்டும் பொறுக்கேலாதோ?"

ஒஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியாமல் வந்திட்டுது, ஹெக்டர் அண்ணே."

இவ்வருடம் தவக்காலம் பிறந்தபோது ஹெக்டருக்கு மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாயிற்று. மனைவி மேபல் அவரைப் பொரளையில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். குழாயொன்றை வாயில் வைத்து ஊதச் சொல்லியும் இழுக்கச் சொல்லியும் சோதித்த அந்த இளம் பெண் வைத்தியர், பொறுமையாக விளக்கினார்.

"முழு மூச்சையும் வெளியில விட்டாலும் எல்லாருக்கும் உள்ளுக்குக் கொஞ்சக் காற்று மிச்சம் நிக்கும், ஐயா. உங்களுக்கு அந்த மிச்சம் கூடிப்போச்சு. நெஞ்சு பெரிசாத்தான் இருக்குது. ஆனால் போய்வாற காற்றுக்கு அதில இடம் குறைஞ்சிட்டுது."

"காற்றிலயும் இவருக்குக் கஞ்சத்தனம்," என்றாள் மேபல்.

"பாடலாமோ, டொக்டர்?" என்று கேட்டார் ஹெக்டர்.

"பாடலாம். நீட்டி இழுக்கேலாது."

வீட்டிற் பயிற்சி செய்வதற்கென ஒரு கருவியையும் வைத்தியர் கொடுத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்திக்குப் பெட்டியில் மூன்று அறைகள், அறைக்கொரு பந்து. குழாய்வழியே காற்றை உள்ளிழுத்தால், இழுப்பின் வலுவுக்கேற்பப் பந்துகள் ஒவ்வொன்றாக மேலெழும்.

திரும்பும் வழியிற் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். மேபல் பெண்களின் வரிசைக்குப் போனாள். ஹெக்டரின் பையைத் திறந்த இராணுவத்தான் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "மே மொகக்த?" என்று கேட்டான். இது என்னவென்று அவர் சிங்களத்திற் சொல்லிய விளக்கம் அவனுக்குப் போதவில்லை. இழுத்துக் காட்டும்படி கட்டளையிட்டான்.

நடுத்தெருவில், வெயிலில், ஹெக்டர் குழாயை வாயில் வைத்து இழுத்தார். முதற் பந்து எழுந்து நடுங்கிற்று. இரண்டாவது அசைந்து விழுந்தது. மூன்றாவது கிடந்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் நின்ற மற்றொரு இராணுவத்தான் குழாயைச் சட்டைக் கையில் துடைத்துத் தானும் இழுத்தான். மூன்று பந்துகளும் ஒருங்கே துள்ளி மேலே முட்டின. அவர்கள் சிரித்தார்கள், பயந்து நின்ற வரிசையும் சேர்ந்து சிரித்தது.

"யன்ன, சீயா."

போகலாம் தாத்தா என்று விடப்பட்ட கிழவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். வரிசையில் அவருக்குப் பின்னே ஒஸ்வால்ட் நின்றிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

மேபல் முன்னால் பெண்களோடு அமர்ந்துவிட, பஸ்ஸில் ஒஸ்வால்ட் அவரருகே வந்து அமர்ந்தான். ஹெக்டர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கண்டனியே?"

"ஓம், அண்ணே."

"கோயிலில போய்ச் சொல்லிப்போடாத."

"சொல்ல என்ன இருக்குது? போன வருசமே எங்கட வரிசைக்குத் தெரியும். நீங்கள் மூச்செடுத்த இடம் வெளியில கேக்காம இருக்கத்தான் நான் குரல் குடுத்தனான்."

"அப்ப நான் முற்றத்தில ஏசேக்க நீ வாயைத் திறந்திருக்கலாமே," என்றார் ஹெக்டர்.

"திறந்தா, பிறகென்னத்துக்கு உங்கட மூச்சை மூடினனான்?"

இராணுவத்தானின் சிரிப்பை ஹெக்டர் அங்கேயே தெருவில் விட்டுவந்திருப்பார். இந்தச் சொல் அவருள்ளே தங்கிவிட்டது. ஒஸ்வால்ட் இறங்கும்வரை அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாட்டு நிலைமையை முன்னிட்டு, அவ்வருடப் பெரிய வெள்ளி வழிபாட்டைப் பொழுதுபடுமுன்னரே முடித்துவிட வேண்டியிருந்தது. ஹெக்டர் வழக்கம்போல முன்னே நின்று பாடினார். இறுதி அடியின் பாதியில் அவருடைய மூச்சுத் தீர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒஸ்வால்டின் குரல் மெல்ல எழத் தொடங்கிற்று.

ஹெக்டர் திரும்பாமலே கையை உயர்த்தினார். அக்குரல் நின்றது.

கோயில் முழுவதும் மௌனமாயிற்று. அந்த மௌனத்தில், அவருடைய நெஞ்சு சீழ்க்கையடித்துக் காற்றை உள்ளிழுக்கும் ஓசை கடைசி வாங்கில் இருந்தவர்கள் வரையிற் கேட்டது. மேபல் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எஞ்சிய பாதி அடியை அவர் பாடி முடித்தார். பின்பு பாட்டுப் புத்தகத்தை எடுத்துச் சென்று ஒஸ்வால்டின் கையில் வைத்துவிட்டு, அவன் நின்ற இடத்தில், பின்வரிசையில் நின்றுகொண்டார்.