அரை டின் வெள்ளை பெயிண்ட்

மாண்ட்ரியல் நகரமே ஆறு மாதப் பனியைத் திட்டித் தீர்த்துவிட்டு மே மாத வெயிலில் அரைக்கால் சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தது. மரீஸ் மட்டும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, நாசமாய்ப் போகிற வெயில் கொஞ்சம் மறையக் கூடாதா என்று கறுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேகம் வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

வீடியோ கேம்களுக்குக் கதவு, பாறை, பீப்பாய் என்று இருபது வருஷமாகக் கணினியில் கையால் செதுக்கி வந்தவள் அவள். திங்கட்கிழமை காலையில் யான்னிக் வந்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், ஆனால் அவளுக்கு மேலதிகாரி. அவள் செய்த கதவைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கையால செஞ்சது கையால செஞ்ச மாதிரியேதான் இருக்கு, மரீஸ்."

இனிமேல் எல்லாம் புகைப்பட ஸ்கேன்தானாம். நிஜக் கதவு ஒன்றைப் பல கோணங்களில் நானூறு படம் எடுத்துக் கணினியில் கொட்டினால், அதுவே கோத்து உருவமாக்கிவிடுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அப்படி ஒரு கதவைக் கொண்டுவந்தால் புது கேமில் இடம் உண்டு, இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பாடம் படித்தாள். வெயிலில் எடுக்கக் கூடாது, நிழலும் கதவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வழவழவென்று பளபளப்பதை எடுக்கக் கூடாது, பிடிப்பதற்குப் புள்ளி கிடைக்காமல் கணினி திணறும். அசைவதை எடுக்கவே கூடாது. ஆக, மந்தமான வெளிச்சத்தில் அசையாமல் கிடக்கிற அழுக்கான பொருள் எதுவானாலும் சரி. இருபது வருஷ உழைப்பு கடைசியில் இங்கே வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட கதவு அவள் வீட்டுக்குப் பின்சந்திலேயே இருந்தது. ஓவிலா ஷரெத்தின் கொட்டகைக் கதவு. பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, ஆணிகள் துரு வடித்து, கீழே எலி கடித்த ஓட்டையோடு அத்தனை அழகாக இருந்தது. ஓவிலா நாற்பது வருஷம் இறுதிச்சடங்கு இல்லத்தின் வாசலில் கைகட்டி நின்று ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமை மாலையே போய், கேமில் போடுவதற்கு உங்கள் கதவை நானூறு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கிழவருக்குப் பெருமையில் முகம் காது வரை சிவந்துவிட்டது. எடுத்துக்கொள் என்றார்.

செவ்வாயும் புதனும் வெயில் கொளுத்தியது. வியாழக்கிழமை காலையில் வானம் சாம்பல் பூசியதுபோல் மூடிக்கொண்டது. மரீஸ் கேமராவை மாட்டிக்கொண்டு சந்துக்கு ஓடினாள்.

கதவு பளபளவென்று வெள்ளை வெளேரென நின்றது. எலி ஓட்டையைக்கூட அடைத்திருந்தார்.

"உலகம் பூரா பாக்கப் போற கதவும்மா. அப்படியே விட்டா ஷரெத் வீட்டைப் பத்தி நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்றார் ஓவிலா. புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் தெறித்த பழைய கம்பளிச் சட்டையில், கையில் தூரிகையோடு நின்றார். "மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சிருக்கேன்."

மரீஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவள் என்ன சொல்ல முடியும்? ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். மரியாதைக்குப் பத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். நானூறு என்றாயே என்று கிழவர் விடவில்லை. தானும் கதவோரம் நிற்கலாமா என்று கேட்டார். எல்லாம் பாழாய்ப் போன பிறகு இதில் என்ன வந்தது என்று தலையாட்டினாள். ஓவிலா தூரிகையைக் கீழே வைத்தார், பழைய வேலை வாசலில் நின்றதுபோல் கைகளைக் கோத்துக்கொண்டார், நின்றார். முக்கால் மணி நேரம் அவள் அவரைச் சுற்றி அரைவட்டம் போட்டாள். மனிதர் கண்ணிமையைக்கூட அசைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை யான்னிக் திரையைத் திறந்தான். கதவு இருந்த இடத்தில் உருகிய வெண்ணெய் மாதிரி ஏதோ தொங்கியது. மரீஸ் மேஜை இழுப்பறையிலிருந்த தன் சாமான்களை மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

"கதவை விடு. இது யாரு?" என்றான் யான்னிக்.

வெண்ணெய்க்கு முன்னால் ஓவிலா நின்றார். ஒவ்வொரு சுருக்கமும், சட்டையின் ஒவ்வொரு பெயிண்ட் புள்ளியும் அச்சு அசலாக விழுந்திருந்தது. முதுகு மட்டும் இல்லை. சுவரோரம் நிற்பவனுக்கு முதுகு எதற்கு என்றான் யான்னிக். புது கேமில் வரும் தேவாலய வாசல் பிச்சைக்காரனுக்கு இப்படி ஒரு முகத்தைத்தான் மூன்று மாதமாகத் தேடுகிறானாம். கதவுக்கு இனி நேரமில்லை, பின்னால் நிற்பதற்கு எதையாவது கையாலேயே செய்து ஒட்டிவிடு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றான். மரீஸின் வேலை பிழைத்தது.

அடுத்த வாரம் சம்மதக் கையெழுத்துக்காக மடிக்கணினியோடு ஓவிலா வீட்டுக்குப் போனாள். கதவுக்கே மூன்று கோட்டு அடித்த மனிதரிடம், உங்களைப் பிச்சைக்காரனாக்கிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நான் இருக்கட்டும். எனக்குப் பின்னால இருக்கே, அது யாரு வீட்டுக் கதவு?"

அங்கே உரிந்த பச்சைப் பெயிண்ட், துரு வடித்த ஆணி, கீழே எலி ஓட்டை. இரண்டு நாள் உட்கார்ந்து, நினைவில் இருந்ததை அவள் கையால் செதுக்கியது.

"ஏன் கேக்கறீங்க, ஷரெத் ஐயா?"

"தேவாலயத்து வாசல்ல ஒரு கதவை இப்படியா போட்டு வைப்பாங்க? வெட்கங்கெட்டவங்க." அவர் மடமடவென்று கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். "விலாசம் கேட்டு வாங்கிட்டு வா. அரை டின் பெயிண்ட் மிச்சம் இருக்கு, நானே போய் அடிச்சுக் குடுத்துட்டு வரேன்."

மரீஸ் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அந்த விலாசத்தைக் கட்டாயம் வாங்கி வருவதாகச் சொன்னாள். அதற்குள் கிழவர் பெயிண்ட் டின்னைத் தேடி எழுந்து போய்விட்டார்.