நனைந்த தம்புரெல்லோ

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி, சனிக்கிழமை, ஒஸ்லோவின் தொர்ஷொவ் பூங்காவில் நடந்த இத்தாலியப் பாரம்பரிய விழாவில் ஆறு குழுக்கள் மேடையேறுவதாக இருந்தது. நான்காவது குழுவுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பிற்பகல் இரண்டு நாற்பதிலிருந்து மூன்று மணி வரை.

அந்த நான்காவது குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் இத்தாலியர். ஐந்தாவது ஆள் அஜந்தா. நகரின் ஓரத்து ரொம்சோஸில் இருந்தாள், அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை.

பதினொரு வருடத்துக்கு முன்னர் அவள் மகளை மிருதங்க வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகள் ஒரு தவணையோடு விட்டுவிட்டாள். தாய் விடவில்லை. ஒற்றைக் கையில் பிடித்து மற்றக் கையால் வாசிக்கிற கஞ்சிராதான் அவளுக்குச் சரிவந்தது. சாப்பாட்டுத் தட்டை விடச் சிறிய அந்த வாத்தியத்தோடு தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் இருப்பாள். ஆனால் ஒஸ்லோவில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் என்றால் பக்கவாத்தியம் லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானத்தில் வந்து இறங்கும். உள்ளூர்க் கஞ்சிராவை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் மேடையேறியது இரண்டே இரண்டு தரம், வகுப்பின் ஆண்டு விழாவில், பதினாலு பிள்ளைகளுக்குப் பின்னால். வீடியோவில் அவளுடைய உச்சி மட்டும் தெரிந்தது.

டொனாட்டா அதே சமையலறையில் வேலை செய்கிறவள். இத்தாலியின் தென்கிழக்கு முனையிலிருந்து வந்தவள், அந்தப் பக்கத்துப் பிட்சிக்கா ஆட்டப் பாட்டுகளைப் பாடும் குழு ஒன்றையும் வைத்திருந்தாள். ஏப்ரலில் அவளுடைய தம்புரெல்லோக்காரன் சைக்கிளால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். தம்புரெல்லோ, கஞ்சிராவின் பெரிய அண்ணன் மாதிரி. அகலமான வட்டச் சட்டம், ஒரு பக்கம் தோல், சுற்றிவர சின்னச் சின்னச் சிலம்புத் தட்டுகள். அந்த வாரம் அஜந்தா கழுவிக் கவிழ்த்த தட்டமொன்றில் விரல்களால் தட்டிக்கொண்டு நின்றதை டொனாட்டா கண்டாள். அவளையே அடுத்த ஒத்திகைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் இரவீந்திரனுக்கு முதற்பாதிதான் காதில் விழுந்தது.

"தம்புராவோ? அதை ஏன் போட்டு அடிக்கிறீர்? மீட்டவெல்லோ வேணும்."

ஆறு வாரம் பழகினாள். பிட்சிக்காவின் ஓட்டம் மூன்று மூன்றாகப் போவது. அவள் அதைத் 'தகிட தகிட' என்று மனதுக்குள் எண்ணிப் பிடித்துக்கொண்டாள். பிடிபடாமல் நின்றது கைதான். தம்புரெல்லோவுக்கு மணிக்கட்டு கதவுப்பிடி திருப்புகிற மாதிரிச் சுழல வேண்டும். வலி எழும்பினால் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துக் கட்டினாள். வீட்டில் பழக டொனாட்டா கொடுத்தது பிளாஸ்டிக் தோல் போட்ட மலிவான ஒன்று.

விழாக்குழுத் தலைவர் ஃபவுஸ்தினோ ஒரு நாள் ஒத்திகையைப் பார்க்க வந்தார். எழுபதை எட்டியவர், கையில் எப்போதும் ஒரு கோப்பு. அஜந்தாவை நெடுநேரம் பார்த்துவிட்டு, இவர் எந்த ஊர் என்று டொனாட்டாவைக் கேட்டார்.

"ரொம்சோஸ்," என்றாள் டொனாட்டா.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். போகும்போது, இது பாரம்பரிய விழா, ஏதாவது பிசகினால் ஆக்கள் என்னைத்தான் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. பதின்மூன்று பாகை. மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்தில் டொனாட்டா துணிப்பையொன்றிலிருந்து வேறொரு தம்புரெல்லோவை எடுத்து அஜந்தாவிடம் கொடுத்தாள். மேடைக்குப் பிளாஸ்டிக் சரிவராது, இது ஆட்டுத்தோல் என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கி பார்க்கப் போனாள்.

அஜந்தா தட்டிப் பார்த்தாள். சுருதி கூடிக் கீச்சென்று கேட்டது. அதற்குப் பிறகு அவள் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. பதினொரு வருடமாகக் கஞ்சிராவைக் கையிலெடுத்தவுடன் முதலில் செய்கிற வேலை அது. போத்தலைத் திறந்தாள், உள்ளங்கையில் தண்ணீர் வார்த்தாள், தோலின் உட்புறத்தில் தெளித்து விரல்களால் வட்டமாகத் தேய்த்தாள். கஞ்சிராவின் சுருதியை இறக்க வேறு வழி இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மறுபடி தட்டினாள். 'கும்' என்று கேட்டது. திருப்தியாக வைத்துவிட்டுச் சப்பாத்து மாற்றப் போனாள்.

பத்து நிமிடம் கழித்து வந்து தட்டியபோது 'தொப்' என்றது. கஞ்சிராத் தோல் மெல்லியது, இறங்குகிற அளவோடு நின்றுவிடும். இந்தத் தடித்த ஆட்டுத்தோல் நின்று நின்று தண்ணீரைக் குடித்திருந்தது. விரலால் அமர்த்தினால் குழி விழுந்தது.

திரும்பி வந்த டொனாட்டா அதைத் தொட்டுப் பார்த்தாள். இருவரும் கதைப்பது நோர்வேஜிய மொழியில்தான்.

"தண்ணி எப்பிடிப் பட்டது?"

"படேல்லை. நான்தான் தெளிச்சனான்."

"ஏன்?"

"சுருதி இறக்க."

டொனாட்டா தன் சட்டை நுனியால் தோலை ஒற்றினாள். பிறகு, தங்கள் ஊரில் இதை வெயிலில் வைத்துச் சூடுகாட்டுவார்கள், மழை தூறினால் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுவார்கள் என்று சொன்னாள். பிளாஸ்டிக் தம்புரெல்லோ எங்கே என்று கேட்டாள். அது ரொம்சோஸில் இருந்தது. போய் வர ஒரு மணித்தியாலம் வேண்டும். அப்போது நேரம் இரண்டு பன்னிரண்டு. தம்புரெல்லோ இல்லாமல் பிட்சிக்கா இல்லை.

அஜந்தா கூடாரத்துக்கு வெளியே வந்து வெயிலைத் தேடினாள். வெயில் இல்லை. புல்வெளியின் மறுகரையில் புகை தெரிந்தது. பீட்சா விற்கும் வண்டியொன்றின் மேல் செங்கல் வைத்துக் கட்டிய விறகு அடுப்பு. அதன் முன் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒஸ்லோவில் ஒரு வரிசைக்குள் இடையில் புகுவதை விட மேடையில் விழுவது மேல் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முன்னால் இரண்டாவதாக இரவீந்திரன் நின்றான்.

"இஞ்சருங்கோ, உங்கடை முறையை எனக்குத் தாங்கோ."

"பசிக்குதோ? நான் வாங்கித் தாறன்."

"பீட்சா வேண்டாம். அடுப்புத்தான் வேணும்."

அவன் அவளுடைய கையிலிருந்ததைப் பார்த்தான். விரலால் ஒருதரம் சுண்டினான்.

"அரை மணித்தியாலமா நிக்கிறன். இதைக் கொண்டுபோய் அப்பளம் மாதிரி வாட்டப் போறீரோ?"

"ஓம்."

அவன் விலகி நின்றான். முறை வந்தபோது அஜந்தா பீட்சாக்காரனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் முடியாது என்றான். நானூறு பாகைச் சூட்டில் தோல் சுருண்டுவிடும் என்றான். அடுப்புக்குள் வைக்கமாட்டேன், வாசலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நிற்பேன், நானும் சமையலறையில் வேலை செய்கிறவள், உங்கள் வேலைக்குக் குறுக்கே வரமாட்டேன் என்று அவள் சொன்னாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். பீட்சாக்காரன் தம்புரெல்லோவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எந்த மடையன் இதுக்குத் தண்ணி விட்டது என்று கேட்டான்.

"நான்தான்."

அவன் அரை அடி வலப்பக்கம் தள்ளி நின்றான்.

"இடது பக்கம் நில். என்ரை கையிலை முட்டக்கூடாது."

அவள் புறங்கையை அடுப்பு வாசலுக்கு நேரே நீட்டி எண்ணினாள். நான்கு எண்ணுமுன் சுட்டது. பின்னால் போனாள். எட்டு எண்ணும்வரை புறங்கை பொறுத்த இடத்தில் நின்று தம்புரெல்லோவைப் பிடித்தாள். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் ஓரமாகத் திருப்பினாள். பீட்சாக்காரனின் நீளக் கரண்டி அவளுடைய இடுப்போரமாகப் போய் வந்தது. முகத்தில் வியர்வை வழிந்து ஒட்டுப்பொட்டு மூக்குக்கு இறங்கியது. இரவீந்திரன் கைத்தொலைபேசியைப் பார்த்து நிமிடத்துக்கு ஒருக்கால் நேரம் சொன்னான். வரிசையில் நின்றவர்களுக்கு, இது மனிசியின் வாத்தியம், பீட்சா இல்லை, உங்கள் பீட்சா பிந்தாது என்றும் கேட்காமலே விளக்கினான்.

இரண்டு இருபத்தேழுக்கு ஃபவுஸ்தினோ கோப்போடு வந்து சேர்ந்தார். அவள் நிற்கிற கோலத்தைப் பார்த்தார்.

"முதலாவதா வாசிச்ச அக்கோர்டியன்காரர் இன்னும் இருபது நிமிசம் வாசிக்கத் தயாரெண்டு சொல்லுகினம். நான் அவையைப் போடவோ?"

அஜந்தா திரும்பவில்லை. "ஆயத்தமா இருக்கச் சொல்லுங்கோ. ரெண்டு முப்பத்தெட்டுக்கு நான் மேடைப் படியிலை நிக்காட்டி அவையை ஏத்துங்கோ."

"நிப்பியோ?"

"நிப்பன்."

அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

'தொப்' என்பது மெல்ல மெல்லத் 'தப்' ஆனது. பிறகு 'தம்'. நடுவில் தோல் இறுகிவிட்டது, கீழ் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் ஓரத்தை ஒரு சாண் கிட்டக் கொண்டுபோனாள். அது தீய்ந்து மணத்தது. பீட்சாக்காரன் கரண்டிக் காம்பால் சட்டத்தைத் தட்டி, காணும், எடு என்றான். ஓரத்தில் நகத்தளவு இடம் வெளிறியிருந்தது.

அவள் அடித்துப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் பிடிக்காமற் போன அதே கீச்சுச் சுருதி, இன்னும் கொஞ்சம் கூடவே. நேரம் இரண்டு முப்பத்தைந்து. அப்படியே தூக்கிக்கொண்டு புல்வெளியைக் குறுக்கறுத்து ஓடினாள்.

படியில் நின்ற டொனாட்டா ஒருதரம் தட்டினாள். "இதுதான் இதின்ரை சத்தம்," என்றாள்.

இரண்டு நாற்பதுக்கு ஏறினார்கள். அஜந்தாவுக்கு முன்னால் யாரும் இல்லை. முதற் பாட்டில் அவளுடைய கை அவசரப்பட்டது. டொனாட்டா காலால் பலகையில் உதைத்துக் காட்டினாள், சரியானது. இரண்டாவது பாட்டில் இரண்டு வயதான பெண்கள் சால்வையை விரித்துக்கொண்டு ஆட எழும்பினார்கள். மூன்றாவதில் முப்பது பேருக்கு மேல் ஆடினார்கள். கீழே இரவீந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், தலை மட்டும் 'தகிட'வுக்கு ஆடியது.

நான்காவதுதான் கடைசிப் பாட்டு. அதன் நடுவில் வெளிறியிருந்த ஓரம் விட்டது. பெருவிரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து அடி செத்தது. டொனாட்டா திரும்பிப் பார்த்தாள், பாட்டை நிறுத்தவில்லை. அஜந்தா சட்டத்தைக் கையில் அரைவட்டம் சுழற்றினாள். கிழிசல் மேலே போனது, முழுத்தோல் கீழே வந்தது. அந்தப் பாதியில் பெருவிரலால் அடித்தும், விடுபட்ட அடிகளைச் சிலம்புத் தட்டுகளாலும் நிரப்பி ஓட்டத்தைக் காப்பாற்றினாள். மணிக்கட்டு எரிந்தது. ஆடியவர்களில் யாரும் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் பாட்டு முடிந்தது. ஃபவுஸ்தினோ ஐந்தாவது குழுவின் பெயரை அறிவித்தார். அடுத்த ஒத்திகை செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு என்று டொனாட்டா சொன்னாள். செவ்வாய்க்கிழமை அஜந்தா போனாள்.