சைனப் ஸ்கூட்டர் ஓட்டிய மூன்று நிமிடம்

சஃப்ரீனுக்குக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் வேலை. ஆறு மணி நேரக் கல்யாணத்தை அரை மணி நேரமாகச் சுருக்கிச் சுருக்கி அலுத்துப்போனவள், தன் முதல் குறும்படத்தைச் சூப்பர் எட்டு என்ற பழைய காலச் சின்ன பிலிமில் எடுப்பதென்று முடிவு செய்தாள். ஒரு பிலிம் டப்பா மூன்று நிமிடம்தான் ஓடும். எடுத்ததை அழிக்கவும் முடியாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. கதாநாயகி அவளுடைய உம்மா சைனப். மும்பை தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் சைனப், நாற்பத்தாறு வயதில் மகன் இஜாஸின் ஸ்கூட்டரை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே பழைய கேமராக்களை ரிப்பேர் செய்து விற்கும் கரீம் பாட்சா, அவள் போய்க் கேட்டதும் இரண்டு பிலிம் கேமராக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பெரியது, நீண்ட ஜூம் லென்ஸும் ஏழெட்டுப் பொத்தான்களும் இருந்தன. மற்றது சோப்பு டப்பா அளவு. ஜூம் இல்லை, ஒரே பொத்தான்.

பேட்டரி வைக்கும் இடத்தில் துரு ஏறியிருக்கிறதா, லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, மோட்டார் சீராக ஓடுகிறதா என்று சஃப்ரீன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டும் தேறின. மனசு பெரியதன் பக்கம் சாய்ந்தது.

"ரெண்டையும் கொண்டு போ பேட்டா," என்றார் கரீம் பாட்சா. "பிலிம் போடாம சும்மா ஓட்டிப் பாத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை, சயான் மைதானத்தில் பெரிய கேமராவைத் தூக்கியதுமே சைனப் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றாள்.

"ஓட்டுங்க உம்மா."

"ஓட்டுதேன். நீ மொதல்ல எடுத்து முடி."

"ஓட்டுறததான் எடுக்கணும்."

"அது மூஞ்சிக்கு நேரா பீரங்கி மாதிரி நிக்கி. எப்பிடிளா ஓட்ட?"

சஃப்ரீன் சின்னதை எடுத்தாள். சைனப் அதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த இஜாஸிடம் பிரேக் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே மைதானத்தை மூன்று சுற்று சுற்றி வந்தாள். மறுநாள் பெரிய கேமரா செம்பூருக்குத் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் பிலிம் போட்டாகிவிட்டது. ஆறு ஷாட்களைத் தாளில் வரைந்து வந்திருந்தாள் சஃப்ரீன். நான்கு ஷாட் முடிந்தது. ஐந்தாவதில் சைனப் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், பின்சீட்டில் இருந்த இஜாஸோடு, திறந்திருந்த கேட் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டாள். இழுத்துக் காட்ட ஜூம் இல்லை. பொத்தானை அழுத்தியபடியே சஃப்ரீன் பின்னால் ஓடினாள். தெருமுனையில் மூச்சு வாங்க நின்று பார்த்தபோது பிலிம் தீர்ந்திருந்தது.

அரை மணி நேரம் கழித்து வண்டி வந்தது. இஜாஸ் முகம் வெளுத்து இறங்கினான்.

"எங்க போனீங்க?"

"மாட்டுங்கா வரைக்கும்," என்றாள் சைனப். "திருப்ப எடம் கெடைக்கல."

ஒரு மாதம் கழித்து, பிலிமைக் கழுவி வீடியோவாக மாற்றி லேபிலிருந்து அனுப்பினார்கள். லேப்டாப்பில் மூவரும் பார்த்தார்கள். கடைசி ஒரு நிமிடம் தார் ரோடும், பாதி டாக்ஸியும், நடுவே சிறுத்துக்கொண்டே போகும் ஸ்கூட்டருமாகக் குலுங்கியது. ஆறாவது ஷாட்டே இல்லாத அந்தப் படம், வரைந்து வைத்ததைவிட நன்றாக இருப்பதாக சஃப்ரீனுக்குத் தோன்றியது. சந்தோஷத்தை வெளிக்காட்டாமல் உம்மாவைப் பார்த்தாள்.

"ரொம்ப ஆடுது," என்றாள் சைனப்.

"நான் ஓடிக்கிட்டே எடுத்தேன்ல."

"ஒன் கேமராதான் ஆடுது. வண்டி ஆடல பாத்தியா? இன்னொரு தடவ போட்டுக் காட்டு."