பத்து சதவீதப் பிடித்தம்

“பிடுங்கிட்டீங்களாம்மா? பெட்டி சூடேறிட்டிருக்கு,” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் குளிர்பெட்டிக்காரர்.

அறுபத்திரண்டு வயதில், இரண்டு முழங்கால்களும் தனித்தனியே வழக்குத் தொடுக்க, மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள் அவள். கூடத்துக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியின் தடித்த பிளக்கைத் தாங்கும் துளை, அண்ணனின் கம்ப்யூட்டர் செருகியிருந்த இது ஒன்றுதான். அண்ணன் கட்டிக்கொடுத்த கட்டடங்களை வரிசையாக நிறுத்தினால் சூரியன் உதிக்க இடமிருக்காது. சொந்த வீட்டில் பாதி சுவிட்சுகள் அலங்காரத்துக்கு இருந்தன. காலை எட்டரைக்கு இதே மேஜை முன்னால் உட்கார்ந்தபடி, காபியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டாயிற்று. நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி.

பிளக்கில் கை வைத்தவள், தலையைத் தூக்கித் திரையை ஒரு தடவை பார்த்தாள்.

அந்த ஒரு தடவைதான் அவளுடைய பிறவி நோய். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊரார் பேச்சைக் கேட்கக்கூடாது என்பது சட்டம். கேட்டதை மூட்டை கட்டினால் இரண்டு லாரி போதாது என்பது உண்மை. அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘என்ன எக்ஸ்சேஞ்சு’ என்றுதான் கூப்பிடுவார்.

திரையின் நடுவில் ஒரு கட்டம். யாரோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றிய தமிழில் கேட்டது: ‘மொத்தம் எதிர்மறையாக உள்ளது. வரவுக் குறிப்பாகச் சேமிக்கவா?’ அதன் கீழே ‘ஆம்’, ‘இல்லை’. மவுஸின் அம்பு இரண்டுக்கும் நட்டநடுவில் நின்றிருந்தது. கட்டத்துக்குப் பின்னால், பிளம்பர் என்ற இடத்தில் அண்ணியின் தம்பி பெயர். பக்கத்தில் ஒரு வரி: பிடித்தம், –48,000.

அவள் பிளக்கிலிருந்து கையை எடுத்தாள்.

“இத பிடுங்க முடியாது. சமையலறைல ஃப்ரிட்ஜ் இருக்கு, அத பிடுங்கி நீள ஒயர் போட்டுக்கோங்க.”

“ஃப்ரிட்ஜுல பால் இருக்கேம்மா.”

“பால் கெட்டா காபிதான போகும். இது கெட்டா எனக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் போகும்.”

குளிர்பெட்டிக்காரர் எத்தனையோ துக்க வீடுகளைப் பார்த்தவர். சமையலறைக்குப் போனார்.

பிடித்தம் என்றால் அந்த வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், குழந்தை இருந்திருந்தால். குழாய் போடுகிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், யாராக இருந்தாலும் கட்டடக்காரர் ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்குப் பத்தைக் கொடுக்காமல் பிடித்து வைப்பார். வேலை நிற்கிறதா, ஒழுகுகிறதா என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு விடுவார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மூன்றாம் மாடிக் குளியலறை ஒழுகியது. குழாய் என்றார் அண்ணன், டைல்ஸ் என்றான் மச்சினன். மச்சினன் பெயரிலிருந்த நாற்பத்தெட்டாயிரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு விருந்தில், கை நனைத்த இலைக்கு முன்னால் எழுந்து நின்று அவன் சொன்னான்: “எனக்குக் கைல காசா வேணாம். கணக்குல இருந்து செக்கா வரணும், என் வேலை சுத்தம்னு. அந்தப் பிடித்தம் வராம இவர் வாசப்படி மிதிக்க மாட்டேன்.” அன்றைக்கு இருநூறு பேர் சாப்பிட்டார்கள், அதைக் காதால் கேட்டதாகச் சொல்கிறவர்கள் இன்றைக்கு ஐயாயிரம் பேர்.

ஒழுகியது டைல்ஸ்தான் என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. அப்படியும் செக் போகவில்லை. அவன் வரவில்லை.

கூடத்தில் அண்ணி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்தவள் போலவும் இல்லை, தொடங்கியவள் போலவும் இல்லை. பின்கட்டிலிருந்து சொட், சொட் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அது பாத்திரம் கழுவும் இடத்துக் குழாய். ஐந்து வருடமாகச் சொட்டுகிறது. அண்ணனோ வேறு பிளம்பரை உள்ளே விட மறுத்துவிட்டார். கஞ்சத்தனத்துக்கு ஒரு பரிசு இருந்தால் அது வீடு தேடி வரும் என்று தங்கையே கேலி செய்திருக்கிறாள். அண்ணி ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய்ப் பக்கெட்டைக் கொட்டிவிட்டு வருவாள். இன்றைக்கும் போனாள். வந்து உட்கார்ந்ததும் நாத்தனாரைப் பார்த்துக் கேட்டாள்.

“அவன் வருவானா?”

“சொல்லி அனுப்பிருக்கு அண்ணி.”

“எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். நாலு மணிக்கப்புறம் வந்து என்ன, வராம என்ன.”

நாத்தனாருக்கோ நாக்கு நுனியில் கேள்வி துடித்தது. அண்ணன் காலையில் எந்தப் பக்கம் அமுக்க இருந்தார்? ஆமா, இல்லையா? விடப் போனாரா, இன்னும் இறுக்கிப் பிடிக்கப் போனாரா?

ஒரு மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ் பெண் வந்தாள். வருடத்துக்கு ஒரு முறை வந்து இந்த வீட்டுக் கணக்கை முடித்துக்கொடுப்பவள். கும்பிட்டு, கண்ணைத் துடைத்து, ஒரு நாற்காலி தேடித் திரும்பினாள். அதற்குள் எக்ஸ்சேஞ்சுக்காரி அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

“ஏம்மா, இது என்ன கேக்குது?”

“அம்மா… இந்த நேரத்துலயா?”

“இந்த நேரம் போனா வேற நேரம் இல்ல. சொல்லு.”

ஆடிட்டர் பெண் குனிந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். கட்டத்தை மூடாமல் ஓரமாக நகர்த்தி, அங்கே இங்கே அமுக்கிப் பட்டியல் ஒன்றைத் திறந்தாள்.

“மறுபடியுமா? வருஷாவருஷம் இத பாக்கறேன்மா. கேட்டா, ‘அது குடும்ப விஷயம், நீ கைய வைக்காத’ம்பார். மச்சினன்மேல இருக்கற கோவத்துல தொகைய ஏத்திக்கிட்டே போறார்னு நெனச்சேன். தனியா ஒதுக்கி வச்சுட்டேன்.”

“ஏத்தறதுன்னா?”

“பாருங்க. பிடித்து வச்சது நாப்பத்தெட்டாயிரம். இப்ப மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம்னு நிக்குது. அதுவும் போதாதுன்னு, மச்சினன்தான் இவருக்கு ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் தரணும்னு காட்டுது.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் பிடிவாதக்காரர், ஒப்புக்கொள்கிறாள். ஒரு பந்தயத்துக்காகப் பதினோரு நாள் செருப்பில்லாமல் நடந்தவர். ஆனால் இப்படியா!

“இரும்மா. அந்தப் பட்டியல்ல பக்கத்துல என்னவோ எழுதிருக்கே.”

குறிப்பு என்ற கட்டத்தில் ஆறு இடத்திலும் ஒரே வாசகம். அண்ணன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. ‘பிடித்தம் விடப்பட்டது. வேலை சுத்தம்.’

ஆடிட்டர் பெண் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“ஐயோ,” என்றாள். “அம்மா, பிடிக்கும்போது மைனஸ் போடணும். விடும்போது போடக்கூடாது. வெறும் தொகைய போட்டா தானா விட்டுடும். இவர் விடும்போதும் மைனஸ் போட்டிருக்கார்.”

“ஏன்?”

“பிடிச்சத கழிக்கறோம்ல, அதனால மைனஸ்னு நெனச்சிருப்பார். கழிச்சதயே மறுபடி கழிச்சிருக்கார். மொத்தம் எதிர்மறைன்னு அது கத்திருக்கு. ‘வரவுக் குறிப்பா?’ன்னு கேட்டிருக்கு. மச்சினனுக்கு வரவுதானேன்னு இவர் ஆம் கொடுத்திருக்கார். ஆனா அது இவருக்கு வரவு, அவருக்குக் கடன். செக் அடிக்கப் போனா பாக்கி இல்லைன்னு வந்திருக்கும்.”

“வேற யாரையாவது கேட்டிருக்கலாமே!”

“உங்கண்ணன்மா. நீங்கதான் சொல்லணும், அவர் கேப்பாரான்னு.”

கேட்க மாட்டார். வழி தெரியாத ஊரில் மூன்று நாள் சுற்றுவாரே தவிர ஒருவரிடமும் வழி கேட்க மாட்டார்.

அவள் தேதிகளைப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சுக்காரிக்குத் தேதி மறக்காது. முதலாவது, டைல்ஸ்தான் என்று தெரிந்த மறுநாள். இரண்டாவது, அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம். தம்பி ஆஸ்பத்திரி வரை வந்து, வீட்டுக்கு வராமல் திரும்பிய வாரம். மூன்றும் நான்கும் அடுத்தடுத்த நாள்கள், காலை எட்டரை, எட்டு நாற்பது. சரியாக வரவில்லை என்று மறுநாள் திரும்ப உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பிடித்தம் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

“ஒரு மைனஸ் கோடும்மா. அத எடுத்துட்டா போதும்,” என்றாள் ஆடிட்டர் பெண். விரல் கீ போர்டுக்குப் போயிற்று.

“இரு. அவன் பாக்கட்டும்.”

இரண்டு, இரண்டரை என்று மணி ஓடியது. அண்ணி இரண்டு முறை வாசலைப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கவில்லை. மூன்றுக்கு எக்ஸ்சேஞ்சுக்காரி ஜன்னல் ஓரம் போய் போன் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்தான்.

“எங்கருக்க தம்பி?”

“வெளியூர்லக்கா. வேலை.”

அந்த நேரம் பழைய இரும்பு வாங்கும் வண்டியின் ஒலிபெருக்கி தெருவில் அலறியது. போன் வைத்த வலது காதுக்குள்ளும் அலறியது. ஜன்னல் பக்கம் இருந்த இடது காதிலும் அலறியது. முப்பத்தாறு வருடப் பழக்கம், வீண்போகுமா?

“உன் வெளியூர்லயும் பழைய இரும்பு இதே குரல்லதான் கேப்பாங்களா?”

அவசரமாக வண்டிக் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது.

“காலைல இருந்து தெருமுனைல வண்டிக்குள்ளதான உக்காந்திருக்க?”

“பத்து மணில இருந்துக்கா.” குரல் இறங்கியது. “சபைல சொன்னேன். அவர் இருந்தப்பவே மிதிக்கல. இப்ப இல்லைன்னதும் மிதிச்சா, அவர்கூடத்தான் சண்டை, செத்தா தேவலன்னு இருந்தேன்னு ஆயிடும்ல?” பிறகு கேட்டான்: “விட்டாரா, விடலையா? அது மட்டும் சொல்லுங்க.”

‘விட்டார்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்குப் பொய் புதிதல்ல. தினமும் நூறு முறை ‘லைன் பிஸி’ என்று சொன்னவள்.

“எனக்குக் கணக்குத் தெரியாதுப்பா. திரை அப்படியே இருக்கு. நீயே வந்து படிச்சு, விட்டதா பிடிச்சதான்னு எனக்கும் சொல்லு. மண்டை வெடிச்சுடும்போல இருக்கு.”

ஐந்து நிமிடம் கழித்துப் பின்கட்டுக் கதவு திறந்தது. ஐம்பத்தைந்து வயசு ஆள், இடுப்பில் ஸ்பானர் பையோடு, தலையைக் குனிந்து நுழைந்தான்.

“வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். பின்பக்கத்தப் பத்திப் பேச்சே இல்ல,” என்றான்.

“வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவன்டா நீ.”

இரண்டடி வைத்தவன் நின்றான். குழாயைப் பார்த்தான், கீழே பக்கெட்டைப் பார்த்தான். சொட்டு விழுந்து விழுந்து அதன் கீழே சிமெண்ட் தரையில் பச்சை ஏறியிருந்தது.

“இது நான் போட்ட குழா. வாஷர் போயிருக்கு. ஒரு ஆளக் கூப்பிட்டா ரெண்டு நிமிஷம். ஏன் கூப்பிடல?”

“உன் மச்சான் விடல.”

அவன் அறைக்குள் போய்த் திரை முன்னால் நின்றான். ஆடிட்டர் பெண் பட்டியலை மேலிருந்து கீழே நகர்த்தி, மைனஸ் விஷயத்தைச் சொன்னாள். அவன் குறிப்புகளைப் படித்தான். உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது. ஆறையும் படித்தான், எல்லாம் ஒன்றே என்று தெரிந்தும். பிறகு, காலையில் சேமிக்காமல் நின்றுபோன ஏழாவதைப் படித்தான். ‘பிடித்தம் விடப்பட்டது. வேலை சு’ என்பதோடு அது நின்றிருந்தது; கடைசியில் விரல் என்டரில் சரிந்திருக்க வேண்டும்.

“கோடு எடுத்துடவா சார்?” என்றாள் ஆடிட்டர் பெண்.

“இப்ப கணக்குப்படி யார் யாருக்குத் தரணும்?”

“நீங்க அவருக்கு. ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.”

அவன் சிரித்துவிட்டான். சத்தமாக, துக்க வீட்டில் சிரிக்கக் கூடாத சத்தத்தில். கூடத்தில் நாலு தலைகள் திரும்பின. சிரித்தது எங்கேயோ பாதியில் திரும்பியது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இருக்கட்டும்மா. தொடாத,” என்றான்.

கூடத்துக்குப் போனான். பெட்டியின் கண்ணாடிக்கு மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம்தான். “பாக்கிய கழிச்சுட்டு வரேன்க்கா,” என்று எழுந்து பின்கட்டுக்குப் போனான்.

வண்டி வந்து தெருவில் நின்றது. யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். அண்ணி, ஐந்து வருடமாகப் பழகிய கால்களோடு, பக்கெட்டைக் கொட்ட எழுந்தாள். எக்ஸ்சேஞ்சும் பின்னாலேயே போனாள்.

தம்பி ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கெட் பாதிதான் நிரம்பியிருந்தது. அண்ணி கைப்பிடியைப் பிடித்தபடி, அடுத்த சொட்டுக்காகக் காத்து நின்றாள்.