கேட்டுக்கு வெளியே எடுத்த படம்

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஆண்டிச்சாமிக்கு வாட்ச்மேன் வேலை. உள்ளே போகிறவர்களைச் சோதித்து பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் பிடுங்கி வைப்பார். அது 2009 தீபாவளி சீசன். கம்பெனிக்குப் புதிதாகப் பேஸ்புக் பக்கம் தொடங்கியிருந்தார்கள். அதில் போட, உள்ளே வேலை நடப்பதைப் படம் எடுக்கவேண்டும் என்று ஆபீஸ் பிள்ளை வேல்விழி கேமராவோடு வந்தாள்.

"பேட்டரி உள்ள எதுவும் உள்ள போகாது, தாயி."

"முதலாளி சொன்னாக, தாத்தா."

"முதலாளியே வந்தாலும் தடவிப் பார்த்துத்தான் விடுவேன்."

அந்த நேரம் பார்த்து முதலாளியே காரில் வந்து இறங்கினார். ஆண்டிச்சாமி சொன்னபடியே தடவினார். சட்டைப்பையில் சிகரெட் லைட்டர். அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"உள்ள போயித் தீபாவளி கொண்டாடப் போறீகளோ?"

முதலாளி அசடு வழிந்தார். வேல்விழி வெளியே நின்றபடியே அதைப் படம் பிடித்து அன்றைக்கே பேஸ்புக்கில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் ஆபீசிலிருந்து ஆண்டிச்சாமிக்கு அழைப்பு வந்தது. கேமராக்காரச் சனத்தை நம்பவே கூடாது, பதினேழு வருஷ வேலை போச்சு என்று முனகிக்கொண்டே போனார்.

முதலாளி சிரித்தார். "ஆயிரம் பேரு பார்த்திருக்காக. இம்புட்டுக் கண்டிப்பான கம்பெனிச் சரக்குதான் வேணும்னு மதுரையில ஒரு கடைக்காரரு ஆர்டர் குடுத்துட்டாரு. நாளைக்கு இன்னொரு படம் எடுப்போம். நான் லைட்டரோட வாரேன், நீரு பிடிக்கணும்."

வேலை தப்பியதில் ஆண்டிச்சாமிக்கு மூச்சு வந்தது. ஆனால் சந்தேகமும் கூடவே வந்தது.

"நேத்துப் பிடுங்குனது எங்கிட்டல்ல இருக்கு. அப்ப இன்னொண்ணும் வச்சிருக்கீக. எடுங்க" என்று கையை நீட்டினார்.