ஒன்பதரை வாங்கிய நாவல்

சின்னவளின் நோட்டில் கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டவை. வரிசை எண், புத்தகத்தின் பெயர், பக்கம், தொடங்கிய தேதி, முடித்த தேதி, பத்துக்கு எத்தனை, குறிப்பு. பகலில் சலவைக் கடையில் துணிகளுக்கு எண் சீட்டு குத்துகிறவள். எதற்கும் ஓர் எண் இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. மாலை வகுப்பு ஆசிரியை ஜனவரியில், "இந்த வருஷம் யாரு ஐம்பது புத்தகம் படிக்கிறீங்கன்னு பார்ப்போம்" என்று சுவரில் அட்டவணை ஒட்டியதும் முதலில் பெயர் கொடுத்தது அவள்தான். டிசம்பர் தொடக்கத்தில் நாற்பத்தாறு. அவளுக்கு அடுத்தபடியாக ஒரு பஸ் கண்டக்டர் பதினேழில் நின்றார்.

நாற்பத்தாறு எப்படி வந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஜூன் வரை ஒழுங்காகத்தான் படித்தாள். பிறகு முதல் முப்பது பக்கம், கடைசி இருபது பக்கம், நடுவில் ஒரு புரட்டு. மதிப்பெண்ணை மட்டும் அரை அரையாக யோசித்துப் போடுவாள்.

பட்டியலில் முதலிடம் ஒரு நாவலுக்கு. ஒன்பதரை. வெள்ளிக்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார் ஆசிரியை. புத்தகம் அக்காவிடம் இருந்தது. அக்கா பள்ளியைப் பாதியில் விட்டவள். சட்டைத் தொழிற்சாலையில் தைத்து வருவதைச் சரிபார்க்கும் வேலை. தங்கையின் நோட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, "எது நிறைய மார்க் வாங்கிச்சோ அதைக் குடு" என்று வாங்கி இரண்டு மாதமாயிற்று.

புதன்கிழமை சின்னவள் அதைத் திருப்பிக் கேட்டாள்.

"எடுத்துக்கோடி. எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது."

"ஏன்க்கா, முடிக்கலையா?"

"ரெண்டு தடவை முடிச்சேன். நடுவுல அந்தப் பொண்ணு சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுக் கிளம்புறா, பஸ்ல உக்கார்றா. பக்கத்தைத் திருப்பினா மறுபடி வீட்டுல நிக்கிறா. அதே சண்டை, அதே பேச்சு. மறுபடி பஸ். அப்புறம் பார்த்தா கையில குழந்தை. அப்பன் யாருன்னே தெரியல. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்னு திரும்ப முதல்லேர்ந்து படிச்சேன்."

"ஒன்பதரை மார்க் புத்தகம்னா சும்மாவா?" என்றார் அக்காவின் கணவர். "நீயும் நானும் மளிகைச் சீட்டு படிக்கிற ஆளுங்க."

அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

சின்னவள் அறைக்குள் போய்ப் புத்தகத்தைப் பிரித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பின் மறுபடி தொண்ணூற்றேழு. அது நூற்றுப் பன்னிரண்டு வரை ஓடி, நேராக நூற்று இருபத்தொன்பதுக்குத் தாவியது. நோட்டில் அந்த நாவலுக்கு எதிரே குறிப்பு: 'நடுப்பகுதி மிகவும் நேர்த்தி.' அவளுடைய காது மடல்கள் கொதித்தன.

"என்னடி, நான் சொன்ன இடம் வந்துச்சா?" அக்கா அறை வாசலில் நின்றாள். "ஏன் அப்படி இருக்கு?"

"அது ஒரு உத்திக்கா. சில பேர் அப்படி எழுதுவாங்க."

"அதான பார்த்தேன்" என்றாள் அக்கா. "இனிமே எனக்கு எதுவும் குடுக்காத. புரியாததைப் பிடிச்சுத் தொங்குறதுக்கு நான் சும்மா படுத்தாவது தூங்குவேன்."

மறுநாள் கடையில் சின்னவள் இரண்டு வீட்டுத் துணிக்கு ஒரே எண்ணைக் குத்தினாள். முதலாளி திட்டியது காதில் ஏறவில்லை. படிக்கவென்றே அக்கா வாங்கிய கண்ணாடி அன்று காலை உறைக்குள் போய்விட்டது. அது மட்டும்தான் கண்ணில் நின்றது. வீடு திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அது உத்தி இல்ல. பைண்டிங் தப்பு. பதினாறு பக்கத்தை ரெண்டு தடவை வெச்சுத் தெச்சிருக்காங்க. அடுத்த பதினாறு பக்கம் இல்லவே இல்ல. நான் நடுவுல படிக்கல."

அக்கா புத்தகத்தை வாங்கி, தையல் எண்ணுவது போல நகத்தால் பக்க எண்களைத் தொட்டுக்கொண்டே போனாள்.

"ரெண்டு இடது கை வெச்ச சட்டை வந்தா அடுத்த நொடியே தூக்கி எறிவேன். புத்தகம்ங்கவும் என்னையே சந்தேகப்பட்டேன் பாரு." பிறகு கேட்டாள்: "நேத்தே சொல்றதுக்கென்ன?"

"வெட்கமா இருந்துச்சு."

"எனக்கு ரெண்டு மாசமா இருந்துச்சு."

அக்கா நோட்டை அவள் முன்னால் போட்டாள். "இதுல எத்தனை நிஜமா படிச்சது?"

சின்னவள் படிக்காததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை ஆசிரியை கைகாட்டியதும் எழுந்து போய் நின்றாள். "இந்த நாவலை நான் முழுசா படிக்கல. எங்க அக்காதான் படிச்சாங்க. சுவர்ல நாற்பத்தாறுன்னு இருக்கறதும் தப்பு. இருபத்திரண்டு."

"அப்போ ஒன்பதரை போட்டது யாரு?" என்று கேட்டார் கண்டக்டர். கிண்டல் இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

"நான்தான்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. உட்காரலாம் என்று ஆசிரியை சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. சாக்பீஸை எடுத்து, அக்கா சொன்ன கதையைத் தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு வந்ததும் பலகையில் எண்ணை எழுதி, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள்.